உப்புத் தண்ணீரில் இறங்கிய படகு டிரெய்லர்: அறிகுறியைப் பார்த்துத் துருவைக் கண்டுபிடிக்கும் வழி

சேலத்தில் கடல் இல்லை. ஆனாலும் இங்கிருந்து ஃபைபர் படகையோ கயாக்கையோ டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு புதுச்சேரி, முட்டுக்காடு, பிச்சாவரம், ராமேஸ்வரம் என்று போய் வருபவர்கள் இருக்கிறார்கள். சங்ககிரி, நாமக்கல் என்று லாரித் தொழில் ஊறிப்போன வட்டாரம் இது. டிரெய்லர் செய்து தரும் பட்டறைக்குக் குறைவில்லை. அந்தப் பட்டறைக்காரர்களுக்குச் சுமை தெரியும், ரோடு தெரியும். கடல் தண்ணீர்தான் பழக்கமில்லாதது. லாரிக்குச் சரியாக இருக்கும் வெல்டிங்கும் ரெட் ஆக்சைடும் கடலில் இறங்கி ஏறும் வண்டிக்குப் போதாது.

“கடலோரத்துல நிறுத்தி வச்சாத்தானே துரு பிடிக்கும், நம்ம ஊரு வெயில்ல எல்லாம் காஞ்சிடுமுங்க” என்று பலர் சொல்வார்கள். காய்வது தண்ணீர் மட்டும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அது முழுக்க இரும்பிலேயே தங்கிவிடும். சமையல் உப்பு கசிந்து ஈரமாவதற்குக் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் அளவுக்கு வர வேண்டும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். சேலத்தில் நல்ல கோடையிலும் ராத்திரியும் விடியற்காலையும் காற்றில் அந்த அளவு ஈரம் வந்துவிடும். அதாவது டிரெய்லர் ஷெட்டுக்குள் சும்மா நிற்கும்போதும் அதன் மேல் மெல்லிய உப்புக் கரைசல் ஒன்று தினமும் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஏற்காட்டில் கேட்கவே வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரம், மூடுபனி, மழை. உப்போடு மேலே ஏறிய டிரெய்லர் அங்கே காய்வதற்கு வாய்ப்பே இல்லை.

அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான். முதலில் உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகு அதை வெளியேற்ற வேண்டும், அதற்கப்புறம்தான் பெயின்ட். உப்பின் மேலேயே பெயின்ட் அடித்தால் துருவுக்குக் கதவைச் சாத்தி உள்ளே வைத்த மாதிரி.

சோதிக்க உட்காரும் முன் ஒரு சின்னச் சுத்தியல், டார்ச், கம்பி பிரஷ், வெள்ளைத் துணி, அப்புறம் ஒரு டிடிஎஸ் மீட்டர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும், ஆர்ஓ தண்ணீர் மெஷின் விற்கும் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா மாதிரியான கருவிதான் அது. படகை இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஸ்டாண்ட் மேல் நிறுத்திய பிறகே அடியில் நுழையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்கக் கூடாது.

வெல்டிங் ஓரத்தில் பழுப்புக் கோடு வழிகிறது

முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இதுதான். குறுக்குச் சட்டம் பக்கவாட்டுச் சட்டத்தோடு சேரும் இடத்தில், பெயின்ட் நன்றாகவே இருக்கும். அதன் மேல் டீக்கறை மாதிரி ஒரு கோடு இறங்கியிருக்கும். துடைத்தால் போய்விடும், இரண்டு நாளில் திரும்ப வரும்.

கறை தெரியும் இடத்தில் கோளாறு இருக்காது, அதற்கு மேலே இருக்கும். பட்டறையில் முழு நீளத்துக்கும் வெல்டிங் போடாமல் அங்கங்கே ஒரு இஞ்ச் இரண்டு இஞ்ச் விட்டு விட்டுப் போட்டிருப்பார்கள். பலத்துக்கு அது போதும். ஆனால் வெல்டிங் இல்லாத இடைவெளியில் இரண்டு இரும்பும் ஒட்டி நிற்கும், நடுவே தாள் கனத்துக்கு ஒரு சந்து இருக்கும். கடலில் இறங்கும்போது தண்ணீர் அந்தச் சந்துக்குள் ஏறிக்கொள்ளும். பிரஷ்ஷும் போகாது, பெயின்ட்டும் போகாது. சந்தின் உள்பக்கம் ஆக்சிஜன் குறைவு, வெளி விளிம்பில் அதிகம். அந்த வித்தியாசமே ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்து உள்பக்க இரும்பைக் கரைக்கும். குளோரைடு அதை இன்னும் வேகப்படுத்தும்.

கறையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சந்து இருக்கும் இடத்தில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கீழே வழிவதை ஒரு டம்ளரில் பிடித்து டிடிஎஸ் பாருங்கள். ஊற்றிய தண்ணீர் 300 காட்டி, வழிந்த தண்ணீர் 2,000 காட்டினால் உப்பு அங்கேதான் இருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகும் வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நாளில் முடியாமல் போகலாம். ராத்திரி ஈரத்துணியைச் சந்தின் மேல் சுற்றி வைத்துவிட்டுக் காலையில் திரும்பக் கழுவினால் உள்ளே காய்ந்து கிடக்கும் உப்பும் ஊறி வெளியே வரும்.

உப்பு போன பிறகு நன்றாகக் காய வைத்து, துருவைச் சுரண்டி, விட்டுப்போன இடங்களிலும் வெல்டிங் போட்டு முழுசாக மூடிவிடுவது நிரந்தரத் தீர்வு. சட்டம் கால்வனைஸ் செய்ததாக, அதாவது துத்தநாகம் பூசியதாக இருந்தால் வெல்டிங்குக்கு முன் அந்த இடத்துத் துத்தநாகத்தை கிரைண்டரில் எடுத்துவிட வேண்டும். எரியும் துத்தநாகப் புகையை சுவாசித்தால் காய்ச்சலும் குளிரும் வரும். காற்றோட்டமான இடம், தகுந்த முகமூடி இரண்டும் வேண்டும். வெல்டிங் வைக்க முடியாத இடமென்றால் பாலியூரிதேன் சீலன்ட் போட்டு அடைக்கலாம், ஆனால் உள்ளே உப்பு இல்லை என்று மீட்டர் சொன்ன பிறகே.

பெயின்ட் கொப்பளிக்கிறது

கொப்பளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால், பெயின்ட் அடிக்கும்போதே அடியில் உப்பு இருந்திருக்கிறது. பெயின்ட் படலம் முழுசாக நீரைத் தடுக்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஊடுருவும். அடியில் உப்பு இருந்தால் அது ஈரத்தை இழுத்து இழுத்துப் பெயின்ட்டை மேலே தள்ளும். கொப்பளம் உலர்ந்து, உள்ளே பழுப்புச் செதில் மட்டும் இருந்தால் கல் அடித்தோ உரசியோ பெயின்ட் உடைந்து அங்கிருந்து துரு பரவியிருக்கிறது. இந்த இரண்டாவது வகை என்றால் சின்ன வேலைதான். முதல் வகை என்றால் அந்தக் கொப்பளத்தைச் சுற்றி இன்னும் தெரியாத கொப்பளங்கள் வரிசையில் நிற்கின்றன.

செதிலைப் பெயர்த்தால் மேலே ஆரஞ்சு, நடுவே பழுப்பு, அடியில் கறுப்பு என்று அடுக்கடுக்காக இருக்கும். அந்தக் கறுப்பில் பெரும்பகுதி மேக்னடைட். கஞ்சமலையில் பாறைக்குள் கிடக்கும் இரும்புத் தாதுவும் அதே மேக்னடைட்தான். ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் துரு அந்த வடிவம் எடுக்கிறது. கறுப்பு தெரிகிற இடத்தில் குழி விழுந்திருக்கும், குழியின் அடியில் குளோரைடு உட்கார்ந்திருக்கும். கம்பி பிரஷ் போட்டால் குழியின் மேல் பளபளப்பாகத் தெரியும், அடியில் ஒன்றும் நடந்திருக்காது. பளபளப்பைப் பார்த்து பிரைமர் எடுப்பவர்கள் அதிகம்.

சரியான முறை இது. தளர்ந்த பெயின்ட், செதில் எல்லாவற்றையும் இரும்பு தெரியும் வரை எடுத்துவிடுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றி நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். காயவிட்டு ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் குழிகளில் மட்டும் புள்ளி புள்ளியாகக் கருமையோ ஆரஞ்சோ ஈரத்தோடு பூத்திருந்தால் அந்தக் குழிகளில் இன்னும் உப்பு மிச்சம். திரும்பத் தேய்த்துக் கழுவ வேண்டும். எங்கும் பரவலாக லேசான செம்மை மட்டும் பூத்தால் அது சாதாரண ஈரத் துரு, பயமில்லை, தேய்த்து எடுத்துவிடலாம்.

முடிந்தால் மணல் வீசித் துரு நீக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய் எஸ்ஏ இரண்டரை தரத்துக்குச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கேட்டால் அவர்களுக்குப் புரியும். ஆனால் வீசுவதற்கு முன்னும் ஒரு தடவை கழுவுங்கள். உப்போடு வீசினால் உப்பையே இரும்புக்குள் அடித்து இறக்கியது போலாகிவிடும். வீசிய அன்றே, சில மணி நேரத்துக்குள், துத்தநாகம் நிறைந்த எபாக்ஸி பிரைமர் ஒரு கோட்டு, அதன் மேல் கனமான எபாக்ஸி ஒரு கோட்டு, கடைசியாக வெயில் தாங்க பாலியூரிதேன். எபாக்ஸி மட்டும் அடித்து வெயிலில் விட்டால் சுண்ணாம்பு மாதிரி பொடிந்துவிடும். துத்தநாக பிரைமர் வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும். துருவின் மேலோ பழைய பெயின்ட் மேலோ அடித்தால் அந்தக் காசு வீண். ஏற்காட்டில் பனி இறங்கும் நேரத்தில் பெயின்ட் வேலையே வேண்டாம், இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும்.

துரு மாற்றி என்று விற்கும் திரவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டானிக் அமிலம் உள்ள வகை துருவோடு சேர்ந்து கறுப்பாகும். கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் கறுப்பாவதும் இதே வினைதான். சின்னச் சின்ன இடங்களுக்கு உதவும். ஆனால் அது உப்பை மாற்றாது. கழுவாத இரும்பில் அதைத் தடவிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

சுத்தியலால் தட்டினால் சத்தம் மந்தமாக இருக்கிறது

இதைப் படிக்கும் யாரும் தள்ளிப்போடக் கூடாத அறிகுறி இது. சதுரக் குழாயில் செய்த டிரெய்லர் வெளியே பளிச்சென்று இருக்கும்போதே உள்ளிருந்து கரைந்துகொண்டிருக்கும். கடலில் முங்கும்போது போல்ட் ஓட்டை வழியாகவும் வெல்டிங் ஊசித்துளை வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். வெளியேற வழி இருக்காது. உள்ளே பெயின்ட்டும் இருக்காது.

முன் பக்கத்திலிருந்து பின் பக்கம் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல குழாய் கணீரென்று கேட்கும். உள்ளே செதில் சேர்ந்த இடத்தில் சத்தம் அமுங்கும். சில இடத்தில் தட்டும்போதே உள்ளே பொலபொலவென்று உதிர்வது காதில் விழும். குறிப்பாகப் பார்க்க வேண்டியது குழாயின் அடிப்பக்கம், அதிலும் அச்சு உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னும் பின்னும், அப்புறம் கப்ளர் (இழுக்கும் வண்டியோடு மாட்டும் பாகம்) இருக்கும் மூக்குச் சட்டம் உடலோடு சேரும் இடம். டிரெய்லர் சாய்ந்து நிற்கும் பக்கத்தில் தண்ணீர் தேங்கும், அந்தப் பக்கம் முதலில் போகும். ஒரு கூரான ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் குழிந்தாலோ உள்ளே இறங்கினாலோ, அந்த டிரெய்லரை அதற்கு மேல் ரோட்டில் இழுக்கக் கூடாது. உளுந்தூர்பேட்டை நாலு வழிச்சாலையில் பின்னால் குடும்பத்தோடு ஒரு பைக் வரும்போது மூக்குச் சட்டம் ஒடிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓட்டை விழுந்த இடத்தின் மேல் தகடு வைத்து வெல்டிங் போட்டுத் தருவதாகப் பட்டறையில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சுற்றியுள்ள இரும்பும் மெலிந்துதான் இருக்கும். வெல்டிங் விளிம்பிலேயே அடுத்த விரிசல் வரும், தகடுக்கும் குழாய்க்கும் நடுவே புதிதாக ஒரு சந்தும் கிடைக்கும். அந்த நீளத்தையே வெட்டி எடுத்துவிட்டுப் புதுக்குழாய் வைக்க வேண்டும், பல இடத்தில் மெலிந்திருந்தால் சட்டத்தையே மாற்ற வேண்டும்.

இன்னும் கெடவில்லை, தட்டினால் கணீரென்றுதான் கேட்கிறது என்றால் காப்பாற்ற நேரம் இருக்கிறது. ஒவ்வொரு குழாயின் தாழ்ந்த முனையிலும் அடியில் வடிகால் துளை, உயர்ந்த முனையில் காற்றுத் துளை இருக்க வேண்டும். இல்லையென்றால், எந்த இடத்தில் போட்டால் பலம் குறையாது என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டுப் போடுங்கள். அச்சுக்குப் பக்கத்தில் சட்டத்தின் மேல் கீழ் முகங்களில் கண்டபடி துளை போடக் கூடாது. பிறகு உயர்ந்த முனையில் ஹோஸ் நுழைத்துத் தண்ணீர் விட்டு, கீழே வருவது தெளிந்து, டிடிஎஸ்ஸும் குழாய்த் தண்ணீர் அளவுக்கு இறங்கும் வரை ஓட விடுங்கள். இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்ததும், காருக்கு உள்கூடுகளில் அடிக்கும் மெழுகு வகைத் துருத்தடுப்பை நீள நாசில் வைத்து உள்ளே அடியுங்கள். வடிகால் துளை மெழுகில் அடைபட்டிருக்கிறதா என்று கடைசியில் ஒரு கம்பி விட்டுப் பார்த்துவிடுங்கள்.

பழைய எஞ்சின் ஆயிலில் டீசல் கலந்து ஊற்றுவது நம் பக்கம் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரோட்டுத் தூசியெல்லாம் அதில் அப்பிக்கொள்ளும், ரப்பர் பாகம் ஊதும், அடுத்த தடவை இறக்கும்போது கடலில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். மீன் பிடிக்கிறவர்கள் பிழைக்கும் தண்ணீர் அது.

கால்வனைஸ் சட்டத்தில் வெள்ளைப் பொடி

கருப்பூர் பக்கம் வண்டி நிறுத்துபவர்கள் முதலில் இதை வெள்ளைக்கல் சுரங்கத் தூசியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தூசி ஈரத்துணியில் வந்துவிடும். துத்தநாகத் துரு ஒட்டிக்கொண்டு நிற்கும், நகத்தால் சுரண்டினால் சொரசொரப்பாக இருக்கும்.

மெல்லிய வெள்ளைப் படிவம் என்றால் துத்தநாகம் தன்னைக் கரைத்து இரும்பைக் காக்கிறது என்று அர்த்தம், அதற்குத்தான் பூசினோம். நைலான் பிரஷ், நல்ல தண்ணீர், காற்றோட்டம் போதும். கம்பி பிரஷ்ஷோ அமிலமோ வேண்டாம், மிச்சமிருக்கும் துத்தநாகத்தையும் சேர்த்து எடுத்துவிடும். வெள்ளைக்கு நடுவே பழுப்பு தெரிந்தால் அந்த இடத்தில் பூச்சு தீர்ந்துவிட்டது. சுரண்டிக் கழுவி, துத்தநாகம் நிறைந்த பிரைமர் தடவ வேண்டும்.

வாங்கி ஒரே வருடத்தில் பழுப்பு வந்துவிட்டது என்றால் எந்த வகை கால்வனைஸ் என்று விசாரியுங்கள். கடையில் கிடைக்கும் ஜிஐ சதுரக் குழாயில் பெரும்பாலும் 20 மைக்ரான் அளவில்தான் துத்தநாகம் இருக்கும், வெல்டிங் வைத்த இடத்தில் அதுவும் எரிந்துபோயிருக்கும். டிரெய்லர் முழுசையும் செய்து முடித்து, சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது வேறு. 3 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள இரும்பில் அப்படி 70 மைக்ரானும், 6 மில்லிமீட்டருக்கு மேல் 85 மைக்ரானும் சராசரியாக ஏற வேண்டும் என்பது தரக் கணக்கு. குழாயின் உள்பக்கமும் மூலை முடுக்கும் சேர்ந்து பூசப்படும். கடல் தண்ணீருக்கு இதைத் தவிர வேறெதையும் நான் சிபாரிசு செய்வதில்லை.

சிலர் படகில் மாட்டுவது போல டிரெய்லரிலும் துத்தநாகக் கட்டி மாட்டுகிறார்கள். அது தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். டிரெய்லர் தண்ணீரில் இருப்பது சில நிமிடம், அதனால் பெரிய பலன் இல்லை.

ஹப் சூடாகிறது, அல்லது சக்கரம் சுற்றும்போது கரகரக்கிறது

புதுச்சேரிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த டிரெய்லரின் ஹப், அதாவது பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதி, நல்ல சூட்டில் இருக்கும். வந்த வேகத்தில் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ஆயில் சீல் ஓரமாகக் கடல் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் சும்மா நிற்கும்போது பேரிங் உருளைகள் மேல் குழி விழும். அடுத்த பயணத்தில் ஆத்தூர் தாண்டுவதற்குள் சத்தம் வரும்.

மூடியைக் கழற்றி ஒரு விரல் கிரீஸ் எடுத்து வெள்ளைத் துணியில் தடவிப் பாருங்கள். தேன் நிறம் அல்லது பூசிய நிறம் அப்படியே இருந்தால் நல்லது. பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. துணியில் பளபளக்கும் துகள் தெரிந்தால் பேரிங் உரிகிறது. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், லொடலொடவென்று ஆடினால் செட்டிங் தளர்ந்திருக்கிறது அல்லது பேரிங் போய்விட்டது.

வெளுத்த கிரீஸ் மேல் புது கிரீஸ் அடிப்பது வேலைக்காகாது. முழுசாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, உருளையையும் அது உருளும் வெளி வளையமான கப்பையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். புள்ளிக் குழி இருந்தாலோ சூட்டில் நீலம் பாரித்திருந்தாலோ, உள் பேரிங், வெளி பேரிங், கப், சீல் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். கப்பை விட்டுவிட்டு பேரிங்கை மட்டும் மாற்றிக் காசு மிச்சப்படுத்தினால் புதுசும் சீக்கிரமே போகும். கிரீஸ் தண்ணீர் தாங்கும் மரைன் வகையாக இருக்கட்டும். வேறு வேறு வகை கிரீஸை ஒன்றாகக் கலக்காதீர்கள், சில சேர்க்கை இளகி ஓடிவிடும். ஸ்ப்ளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிது. சீல் உட்காரும் அச்சுப் பகுதியில் துருக் குழி இருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் தண்ணீர் போகும். லேத்தில் கொடுத்து அந்த இடத்துக்கு ஸ்லீவ் ஏற்ற வேண்டும்.

கடற்கரைக்குப் போனதும் படகின் கயிற்றை அவிழ்ப்பது, சாமான் ஏற்றுவது போன்ற வேலைகளை முதலில் முடித்துக்கொண்டு, ஹப்பில் கை வைத்தால் சூடே தெரியாத வரை காத்திருந்து இறக்குங்கள். இதில் செலவே இல்லை. ரோட்டிலும் டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் இரண்டு பக்க ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி தெரிகிறது

துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே அது வளரும்போது ஆப்பு இறக்கியது மாதிரி பட்டையைப் பிரித்துவிடும். பிரிந்த பட்டை ஒன்றோடொன்று வழுக்காது, சுமை ஒரே இடத்தில் விழும், துருக்குழியிலிருந்து விரிசல் ஓடும். பட்டை கட்டும் கடையில் முழுசாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சங்ககிரிப் பக்கம் அவர்களுக்கு அது கைவந்த வேலை. பட்டையைச் சூடேற்றித் தட்டி நிமிர்த்தித் தருவதாகச் சொன்னால் வேண்டாம், குழி விழுந்த பட்டையை மாற்றிவிடலாம்.

அப்போதே யூ போல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். நட்டுக்கு வெளியே முழுத் தடிமனில் இருக்கும், பட்டையை அணைத்துக் கிடக்கும் உள்பக்கத்தில் பென்சில் மாதிரி மெலிந்திருக்கும். அச்சைப் பிடித்திருப்பது அதுதான். பழசைத் திரும்ப மாட்டாதீர்கள்.

போல்ட் சுழல மறுக்கிறது

ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள், பிறகு இறுக்கும் பக்கம் லேசாக அசைத்துத் தளர்த்துங்கள். வராவிட்டால் கட்டிங் வீல்தான். மாற்றும்போது, ஸ்டீல் பிளான்ட் இருக்கும் ஊர் என்பதால் ஸ்டெயின்லெஸ் மேல் நமக்கு நம்பிக்கை அதிகம். சாதாரண 304 வகை ஸ்டெயின்லெஸ் கடல் உப்பில் கறை பிடிக்கும், சந்துகளில் குழியும் விழும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 கேளுங்கள், மரை இறுகிக்கொள்ளாமல் இருக்க ஆன்டி சீஸ் பசை தடவி மாட்டுங்கள். ஆனால் யூ போல்ட், கப்ளர் போல்ட் போன்ற உயிர் காக்கும் இடங்களில் பலத்தின் தரம் தெரியாமல் ஸ்டெயின்லெஸ் போடக் கூடாது. அங்கே உரிய தரத்து கால்வனைஸ் போல்ட்டே சரி.

விளக்கு மினுக்குகிறது, பிரேக் பிடித்துக்கொள்கிறது

விளக்கு மினுக்கினால் முக்கால்வாசி எர்த் கோளாறு. சட்டத்தை எர்த்தாகப் பயன்படுத்தினால் துரு வந்ததும் மின்சாரம் தடுமாறும். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் பிளக் வரை தனி எர்த் கம்பி இழுங்கள். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் நல்லது. கம்பியைச் சீவினால் உள்ளே பச்சை ஓடியிருந்தால் அந்த நீளத்தை வெட்டி எறியுங்கள். டிரம் பிரேக் உள்ள டிரெய்லரை ஹேண்ட் பிரேக் போட்டு வாரக்கணக்கில் நிறுத்தாதீர்கள், லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

படகு உட்காரும் கட்டையின் கார்பெட் அடியில் பழுப்புக் கறை

கார்பெட் உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு போல்ட் மேல் சொட்டு சொட்டாக விடும். வருடத்துக்கு ஒருமுறை கட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கார்பெட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் பட்டை போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஊர் திரும்பும் நாளில்

வீட்டுக்கு வந்து கழுவிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வழியெல்லாம் காற்றில் காய்ந்து உப்பு இறுகிவிடும். கடற்கரையை விட்டுக் கிளம்பியதும் முதலில் கண்ணில் படும் வாட்டர் சர்வீஸில் நிறுத்தி அடிப்பக்கம், சட்டத்தின் உள்பக்கம், பட்டை எல்லாவற்றிலும் தாராளமாகத் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். ஹப் சீல் மேல் பிரஷர் கன்னை நேராகக் காட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடலோரத்து போர் தண்ணீரே உப்பாக இருக்கலாம், மீட்டரில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சேலம் வந்ததும் இரண்டாவது கழுவல். வீட்டு போர் தண்ணீரின் டிடிஎஸ் பல தெருக்களில் ஆயிரத்தைத் தாண்டும். அதில் முதலில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரைப் பயன்படுத்தினால் நல்ல தண்ணீரும் வீணாகாது. பிறகு மூக்குப் பக்கம் உயர்த்தி நிறுத்தி, வடிந்து காயும் வரை தார்ப்பாய் போடாதீர்கள். பாயை இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். மேலே கூரையும் நாலு பக்கமும் காற்றும்தான் வேண்டும். ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருப்பவர்கள் டிரெய்லரை மலையடிவாரத்தில் கழுவிக் காய வைத்துவிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏற்றுங்கள். கடல் போகாத மாதங்களில் மேலே வைப்பதைவிட அடிவாரத்தில் வைக்க இடம் கிடைத்தால் அதுவே மேல்.

புதிதாகச் செய்யச் சொல்வதானால்

பட்டறைக்காரரிடம் பேசும்போதே இவற்றை எழுதிக் கொடுத்துவிடுங்கள். சதுரக் குழாய் வேண்டாம், திறந்த சி சேனல் போதும், கையும் ஹோஸும் எல்லா இடத்துக்கும் போகும். குழாய்தான் என்றால் ஒவ்வொன்றுக்கும் காற்றுத் துளையும் வடிகால் துளையும் இருக்க வேண்டும். மூடிய குழாயைத் துத்தநாகத் தொட்டியில் முக்கினால் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடிக்கும், கால்வனைசிங் ஆட்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சந்து வராமல் வெல்டிங் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். நம்பர் பிளேட், விளக்கு, கட்டை, வின்ச் எல்லாவற்றுக்குமான ஓட்டைகளும் முக்குவதற்கு முன்பே போட்டு முடிந்திருக்க வேண்டும். பூச்சு ஏறிய பிறகு ட்ரில் எடுத்தால் அந்த ஓட்டையிலிருந்துதான் முதல் பழுப்பு வரும்.